பெரிசாத்தின் படுக்கையறையில் நின்ற சர்வர்கள்

என் இளைய மருமகள் பெரிசாத்தைப் பற்றி எங்கள் ஏரிக்கரை ஊரான கரகோலில் இன்றைக்கும் ஒரு பேச்சுதான் நடக்கிறது. விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே ஊரில் உள்ள தங்கும் விடுதிகளின் இணையப் பக்கங்களை எல்லாம் ஒரே தட்டலில் அழித்துவிட்டாளாம். அழித்தது உண்மைதான். ஆனால் அதை மட்டும் சொல்லிவிட்டுத் தேநீருக்குக் கையை நீட்டுகிறவர்களுக்கு நான் ஊற்றுவதில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு நீட்டட்டும்.

பெரிசாத் நாரின் என்ற மலைப்பக்கத்துப் பெண். என் கடைசி மகன் தாலாயும் அவளும் ஒன்றாகக் கம்ப்யூட்டர் தொழில் படித்தவர்கள். கல்யாணமாகி மூன்றாவது மாடியில் இரண்டு அறை உள்ள ஒரு வீட்டை வாங்கினார்கள். பழைய கட்டடம், குழாய்கள் இரைச்சல் போடும். சுவருக்கு ஒட்டும் தாளை அவளே தேர்ந்தெடுத்தாள். ஜன்னல் கைப்பிடியைத் தாலாய் பொருத்தினான், கோணலாக. அவர்கள் மகள் அய்தாய் அந்த வீட்டில்தான் நடக்கப் பழகினாள். அப்புறம் ஒரு பனிக்காலத்தில் கணவாய்ச் சாலையில் தாலாயின் வண்டி சறுக்கியது. அதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசுவதில்லை.

என் மூத்தவன் குபானிச் ஹோஸ்டிங் கம்பெனி நடத்துகிறான். ஏரிக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் முதலில் கம்ப்யூட்டரில் பார்த்துத்தான் இடம் பிடிக்கிறார்கள். அதனால் ஊரில் எந்த விடுதியானாலும் அதற்கு ஒரு இணையப் பக்கம் உண்டு. அந்தப் பக்கங்களைத் தாங்கும் சர்வர்கள் குபானிச்சுடையவை. கம்பெனிக்கும் அவன் பெயரேதான். தம்பி போனதும், "கெலின் தனியா அங்க என்ன பண்ணுவா" என்று அவளையும் குழந்தையையும் நாங்கள் இருக்கும் பெரிய வீட்டுக்கு அழைத்து வந்தான். மருமகளை நாங்கள் கெலின் என்றுதான் கூப்பிடுவோம். வந்து கொஞ்ச நாளிலேயே அவளுடைய வீட்டையே ஆபீஸாக்கிச் சர்வர்களைக் கொண்டுபோய் அடுக்கினான். தற்காலிகம்தான் என்றான். படுக்கையறை வடக்குப் பார்த்தது, குளிர்ச்சியானது என்று அதையே மெஷின்களுக்குக் கொடுத்தான்.

அன்றிலிருந்து பெரிசாத் காலையில் தன் வீட்டுக்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போவாள். வருகிறவன் போகிறவன் எல்லாம் செருப்போடு உள்ளே நடப்பான். அவள் மட்டும் வாசலில் கழற்றிவிட்டுப் போவாள். சாயங்காலம் கிளம்புவதற்கு முன் தரையைத் துடைப்பாள். சம்பளத்துக்குத் துடைக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

ஒரு வசந்த காலத்தில் அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். இத்தனை மெஷின் தேவையில்லை, நல்லதாக ஒன்று போதும் என்றாள். அந்த ஒன்றுக்குள் லினக்ஸில் தனித்தனி கண்டெய்னர்களாகப் பிரிக்கலாம். ஒவ்வொரு கண்டெய்னரும் தன்னையே ஒரு முழு மெஷின் என்று நினைத்துக்கொண்டு ஓடும். அதில் ஒன்றுக்குள் கன்ட்ரோல் பேனல் ஒன்றை நிறுவிவிட்டால், விடுதிக்காரர்கள் தாங்களே உள்ளே போய் விலையை மாற்றலாம், படம் போடலாம், மின்னஞ்சல் பெட்டி திறக்கலாம். சும்மாச் சும்மா இவளைக் கூப்பிட வேண்டாம்.

குபானிச் தாடியைத் தடவினான். "அப்போ இந்த ஆபீஸே வேண்டாமே. சந்தைப் பக்கம் ஒரு சின்ன ரூம் போதும்."

"போதும், பைகே," என்றாள். கணவனின் அண்ணனைப் பைகே என்போம்.

"நீ இதை முடிச்சுக் குடு, கெலின். வீட்டைக் காலி பண்ணித் தந்துடறேன். சாவி உன் கையில. அம்மா இருக்காங்க பாரு, அவங்க முன்னாடிதான் சொல்றேன்."

நான் இருந்தேன். கேட்டேன். அடுத்த நாளே அய்தாய் தன் கட்டில் எந்தச் சுவரோரம் வரும் என்று என்னிடம் கேட்டுவிட்டாள்.

வேலை சுலபமாக முடியவில்லை. அந்தப் பேனலுக்கு வேறெதுவும் ஏறாத புது மெஷின்தான் வேண்டுமாம். கண்டெய்னருக்குள் வைத்தால், இது முழு மெஷின் இல்லையே என்று முரண்டு பிடித்தது. ஒரு நாள் வெளி ஆட்களைத் தடுக்கும் காவல் சுவர் எழும்பவில்லை. இன்னொரு நாள் மின்னஞ்சல் பகுதி கண் திறக்கவில்லை. ஒரு தடவை எல்லாம் ஏறியும், ஒவ்வொரு விடுதிக்கும் இவ்வளவு இடம் என்று அளந்து கொடுக்க மறுத்தது. ஒவ்வொரு முறையும் பெரிசாத் அந்தக் கண்டெய்னரை அப்படியே அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உண்டாக்கினாள். மடிக்கணினியைச் சமையலறை மேசையில் வைத்துக்கொண்டு இதைச் செய்வாள். பக்கத்தில் நான் போர்சோக் என்ற எண்ணெய்ப் பலகாரத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருப்பேன்.

"மறுபடியும் அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன் எனே," என்றாள். மாமியாரை எனே என்பது எங்கள் வழக்கம்.

"ஒட்டுப் போட்டுப் பார்க்கக் கூடாதா?"

"உங்க மாவு இளகிட்டா இன்னும் கொஞ்சம் மாவு போட்டுச் சரி பண்ணுவீங்க. இதுல ஒட்டுப் போட்டா எங்க போட்டோம்னு நாளைக்கு மறந்துடும். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு பண்றதுதான் சீக்கிரம்."

"எங்க காலத்துல இப்படிச் சமைச்சிருந்தா மாமியா அடிச்சிருப்பா."

"நீங்க அடிக்கலாம். முதல்ல மாவுலேர்ந்து கையை எடுங்க," என்று சிரித்தாள். தாலாய் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அந்த மாதத்தில்தான்.

உண்டாக்குகிறவை எல்லாவற்றுக்கும் சோதனை என்றே பெயர் வைத்தாள். ஒன்று அழிந்தால் அடுத்ததும் சோதனைதான். ஓடிக்கொண்டிருக்கும் கண்டெய்னரை அழி என்றால் கணினி மறுக்குமாம். 'கட்டாயமாக' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால்தான் கேட்குமாம். அந்தச் சொல்லும் அவள் விரலுக்குப் பழகிப்போயிற்று.

ஒரு நாள் பேனல் உள்ளே உட்கார்ந்தது. எல்லாம் ஓடியது. இனி இதை மாற்றாதே, இதிலேயே விடுதிகளைக் குடியேற்று, கம்பெனிப் பெயரையே இதற்கும் வை என்றான் குபானிச்.

எங்கள் வழக்கத்தில் மருமகள் தன் கணவனுடைய அண்ணன் பெயரைச் சொல்ல மாட்டாள். என் கணவரின் அண்ணன்மார் பெயரை நான் அவர்கள் சமாதியில்கூடச் சொன்னதில்லை. இந்தக் காலத்துப் பெண்கள் அதை விட்டுவிட்டார்கள். பெரிசாத் விடவில்லை; தாலாய்க்குச் செய்கிற மரியாதை என்று வைத்திருந்தாள். தொலைபேசியில்கூட "எங்க பைகேயோட கம்பெனி" என்றுதான் சொல்வாள். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். குபானிச்சுக்கு அது தேனாக இருக்கும். "பாருங்கய்யா, இப்படி ஒரு கெலின் யார் வீட்ல இருக்கா?" என்பான்.

"வாயாலதானே சொல்லக் கூடாது. விரலால தட்டிட்டுப் போயேன்," என்றேன் நான்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் எனே."

"அப்போ வேற பேரு வை."

"அவர் பேரைத்தான் வைக்கணுமாம். பேரை மாத்த அதை நிறுத்தவும் வேணும். இப்போ சீசன். ஒரு நிமிஷம் நின்னாலும் கத்துவாங்க. இலையுதிர் காலத்துல பேசி வேற ஏதாவது வச்சுக்கலாம்."

அப்படியாக ஊரின் விடுதிகள் எல்லாம் சோதனைக்குள்ளேயே குடியேறின. பேனல் தினமும் ஒரு நகல் எடுத்தது. அந்த நகலையும் அதே கண்டெய்னருக்குள் வைத்தது. வெளியே வைக்க இன்னொரு டிஸ்க் வேண்டும் என்று பெரிசாத் கேட்டாள். என் காதுபடக் கேட்டாள். "வாங்கலாம், வாங்கலாம்" என்றான் குபானிச். வாங்கியது என்னவோ சந்தைப் பக்கத்து அறைக்கு விளக்கு எரியும் பெயர்ப்பலகை. பழைய மெஷின்களையும் அந்த வாரமே விற்றான். ஒரு மாதமாவது இருக்கட்டும் என்று அவள் கெஞ்சினாள். "வீடு காலியாகணுமா வேண்டாமா?" என்று திருப்பிக் கேட்டான். அவள் மெஷின்களைக் கழற்றிக் கொடுத்தாள்.

பிறகு விருந்து வைத்தான். விடுதிக்காரர்களை எல்லாம் எங்கள் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்து ஆடு அறுத்தான். கெலின் கதவோரம் வெந்நீர்ப் பாத்திரமான சமோவார் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் ஊற்ற வேண்டும். கிண்ணத்தை நிறைத்துவிட்டால் எழுந்து போ என்று அர்த்தம். அதனால் கொஞ்சமாக ஊற்றுவோம், கிண்ணம் திரும்பத் திரும்ப வரும். அத்தனை பேருக்கும் அவள் ஒருத்தி. மடிக்கணினி பக்கத்தில் ஜன்னல் திண்டில் திறந்திருந்தது. அன்றைக்கும் யாரோ ஒரு விடுதிக்காரருக்கு மின்னஞ்சல் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளை விடுடா. நான் ஊத்தறேன்," என்றேன் குபானிச்சிடம்.

"கெலின் இருக்கறப்போ நீ ஊத்தினா சபையில என் மானம் போகும், அம்மா."

ஏரிக்கரையில் பெரிய விடுதி வைத்திருக்கும் ஜுமாகுல் எலும்பைக் கடித்தபடி கேட்டாள்: "ஏன் குபானிச், புது விடுதி ஒண்ணு சேரணும்னா உன் மெஷின்ல இடம் இருக்கா, இல்ல ஆட்டுக் கொட்டில் மாதிரி நெருக்கிட்டியா?"

"இடமா? கெலின் இப்பவே ஒண்ணு கட்டிக் காட்டுவா, பாருங்க. கெலின், காட்டு."

"அப்புறம் காட்டறேன், பைகே."

"இப்போ காட்டு."

அவள் கெண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள். புதிய கண்டெய்னர் ஒன்று வந்தது. அதற்குச் சோதனை இரண்டு என்று பெயர் வைத்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பார்க்க ஒன்றுமில்லை, கறுப்புத் திரையில் எழுத்துகள். யாரோ, "இதுக்கா ஆடு அறுத்தே?" என்றார். சபை சிரித்தது. குபானிச் முகம் சிவந்தது. "சரி சரி, அதை அழிச்சிட்டு டீயைக் குடு, கெலின். கிண்ணமெல்லாம் காஞ்சு கிடக்கு."

ஒரு கையில் யாரோ ஒருவருடைய கிண்ணம். மறு கை பழகியபடி தட்டியது: அழி, சோதனை, கட்டாயமாக. இரண்டு என்பதை அவள் விரல் தட்டவில்லை. அவள் கிண்ணத்தில் ஊற்றி, இரு கையாலும் நீட்டி, திரும்பித் திரையைப் பார்த்தாள்.

கெண்டியை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். "பைகே, கொஞ்சம் வெளிய வாங்க" என்றாள். "விருந்தாளிங்க இருக்காங்கல்ல," என்று அவன் அதட்டினான். அதற்குள் ஜுமாகுல் பக்கத்துப் பெண்ணிடம் தன் விடுதியின் படங்களைக் காட்டக் கைப்பேசியை எடுத்துவிட்டாள். "என்னடி இது, ஒண்ணுமே வரல?" என்றாள். அடுத்தவரும் தன் கைப்பேசியை எடுத்தார். அவருக்கும் வரவில்லை.

நகலும் அதே சோதனையோடு அழிந்ததால், சீசன் நடுவில் முன்பதிவுகள் எல்லாம் போயின. எந்த நாட்டிலிருந்து யார் எந்த நாளில் வருவார்கள் என்பது யாருக்கும் தெரியவில்லை. முதுகில் மூட்டையோடு ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரே கட்டிலுக்கு இரண்டு குடும்பம் சண்டை போட்டது. பெரிசாத் வீடு வீடாகப் போய் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். சிலர் உள்ளே கூப்பிட்டார்கள். ஜுமாகுல் வாசலிலேயே நிறுத்தினாள். பிறகு பெரிசாத் தன் வீட்டில், தன் படுக்கையறையில் உட்கார்ந்து, எங்கெங்கோ எஞ்சிக் கிடந்த படங்களையும் வாசகங்களையும் பொறுக்கி ஒவ்வொரு பக்கமாக மறுபடி கட்டினாள். இலை உதிரும்வரை கட்டினாள்.

கட்டி முடித்ததும் உறவுக்காரர்களைக் கூட்டினான் குபானிச். கம்பெனிப் பெயர் கெட்டுவிட்டது, சந்தைப் பக்கத்து அறையை விட்டுவிடுகிறேன், ஆபீஸ் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றான். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

"வீடு அவளோடது. தரேன்னு என் முன்னாடி சொன்னே," என்றேன்.

"முடிச்சுக் குடுத்தாத் தரேன்னேன். முடிச்சா குடுத்தா?"

"டிஸ்க்கு கேட்டாளே, வாங்கிக் குடுத்தியா? பழைய மெஷினை வித்தது யாரு? ஊத்திக்கிட்டிருந்தவளை எழுப்பிக் காட்டச் சொன்னது யாரு?"

"அம்மா, உனக்கு எழுத்தே தெரியாது. இதுல ஏன் தலையிடறே?"

"எழுத்து தெரியாதுதான். காது கேக்குதே."

யாரோ ஒரு பெரியவர் எனக்கு ரொட்டியைக் கிழித்து நீட்டினார், வாயை அடைக்க. நான் வாங்கவில்லை. தட்டியது தன் கை என்பதைப் பெரிசாத் யாரிடமும் மறுத்ததே இல்லை. அதுதான் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

இப்போது அவள் தலைநகர் பிஷ்கேக்கில் பெரிய கம்பெனி ஒன்றில் யாருடைய கண்டெய்னர்களையோ பார்த்துக்கொள்கிறாள். நான்கு பெண்கள் தங்கும் அறையில் ஒரு கட்டில் அவளுடையது. அங்கே குழந்தையை வைத்துக்கொள்ள விட மாட்டார்கள் என்பதால் அய்தாய் என்னோடு இருக்கிறாள். குபானிச் வேலைக்கு ரினாத் என்று ஒருவனை வைத்திருக்கிறான். நல்ல மனிதன், மணமாகாதவன். சம்பளத்தைக் குறைத்து, அதற்கு ஈடாகப் பெரிசாத்தின் வீட்டிலேயே தங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டான் குபானிச்.

போன வாரம் பெரிசாத் விடுமுறைக்கு வந்து என் அருகில் உட்கார்ந்து அய்தாயின் தலையை வாரிக்கொண்டிருந்தாள். கைப்பேசி அடித்தது. ரினாத். பேனலில் ஏதோ சிக்கல், எப்படி எடுப்பது என்று கேட்டான். அவள் பொறுமையாகச் சொன்னாள். வேலை முடிந்தும் அவன் வைக்கவில்லை.

"அக்கா, இன்னொண்ணு. ரூம் ரொம்பச் சூடாகுது. இந்த ஜன்னல் திறக்கவே மாட்டேங்குது. உடைக்கலாமான்னு பாக்கறேன்."

அவள் சீப்பை மடியில் வைத்தாள்.

"உடைக்காதீங்க. கைப்பிடி கோணலா இருக்கும். அதைக் கொஞ்சம் மேல தூக்கி, இடது பக்கமா சாய்ச்சு இழுங்க."

அந்தப் பக்கம் ஏதோ கிறீச்சிட்டது.

"ஆமாங்க, திறந்துடுச்சு. நன்றி அக்கா."

"சாத்தும்போதும் அப்படித்தான் சாத்தணும்," என்றாள்.