இயந்திர நாய் தின்ற ரொட்டி

"பையில என்னென்ன வச்சிருக்கீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க கண்ணு."

அழைப்பவர் பத்து வயதுப் பிள்ளையானாலும் பல் மருத்துவரானாலும் டாரீனுக்கு எல்லாரும் 'கண்ணு'தான். தலையில் ஹெட்ஃபோன், வாயில் சூரியகாந்தி விதை, மேசைக்கடியில் கழற்றிப் போட்ட ஷூ. கலிபோர்னியா மலையடிவாரத்தில் கணினி விளையாட்டுத் தயாரிக்கும் சின்ன நிறுவனம் அது. ஆட்டத்தில் மாட்டிக்கொண்டு முழிப்பவர்களுக்குத் தொலைபேசியில் துப்புச் சொல்வதுதான் டாரீனின் வேலை.

இந்த வருடம், அதாவது 1992இல், எல்லாரும் முழிப்பது 'ஒன்பதாம் நிலாவின் தபால்' என்ற ஆட்டத்தில். மவுஸைத் தட்டித் தட்டி ஒரு தபால்காரியை விண்வெளி முழுக்க நடத்திப் போக வேண்டும். கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கிப் பையில் போட வேண்டும். எது எங்கே உதவும் என்பதைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

விடையை நேராகச் சொல்லும் பழக்கம் டாரீனுக்குக் கிடையாது. "அந்தக் கதவுக்குக் காது இருக்கே, பாத்தீங்களா?" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கெஞ்சினால், "எல்லாத்தையும் நானே சொல்லிட்டா அப்புறம் நீங்க எதுக்கு?" எதிர்முனையில் 'அடச்சே, இதுதானா!' என்று கேட்டுவிட்டால் போதும், முகமெல்லாம் பல்லாகிவிடும்.

ஒரே ஒரு அழைப்புதான் அவருக்கு ஆகாது. முதல் காட்சியில் பசியோடு ஓர் இயந்திர நாய் நிற்கும். பாவப்பட்டுப் பையிலிருக்கும் ரொட்டியைப் போட்டீர்களோ, தொலைந்தீர்கள். கடைசிக் கதவின் காவலாளி அந்த ரொட்டிக்கு மட்டும்தான் வழிவிடுவான். "முதல்லேருந்து ஆடணும் கண்ணு" என்று சொல்லும்போது டாரீனின் குரல் உள்ளே போய்விடும்.

நெப்ராஸ்காவிலிருந்து லெஸ்டர் கோப் என்ற சோள விவசாயி அழைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கடைசிக் கதவருகே நிற்கிறாராம்.

"பையில ரொட்டி இருக்கா?"

"இல்லீங்க. வெர்னா நாய்க்குப் போட்டுட்டா போல. அவ அப்படித்தான், ஊர் நாயெல்லாம் எங்க வீட்டு வாசல்லதான் கெடக்கும்."

"அவங்கள லைனுக்குக் கூப்பிடுங்க, ரெண்டு திட்டு திட்டுறேன்."

"போன மார்ச்சுல தவறிட்டா மேடம்."

விதை கொறிப்பது நின்றது.

மனைவி பாதி ஆடிச் சேமித்து வைத்ததைத்தான் லெஸ்டர் தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தார். தொடங்கும்போது அவள் தன் பெயரை அடித்திருக்கிறாள். தபாலைச் சேர்த்து முடித்ததும் அந்தப் பெயர் நட்சத்திரங்களுக்கு நடுவே வரும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது.

"முதல்லேருந்து ஆடுனா அந்தப் பேர நான்ல அடிக்கணும்? இது அவ கையால அடிச்சது. அது வரணும்னுதான் பாக்கறேன்."

முடியாது என்று சொல்ல டாரீனுக்கு வாய் வரவில்லை. "அவங்க ஆட்டத்தச் சேமிச்சு வச்ச ஃபிளாப்பிய எனக்கு அனுப்பிவைங்க" என்றார். அது வந்து சேர்ந்ததும் எடுத்துக்கொண்டு, ஆட்டத்தின் நிரலை எழுதிய மிட்சிடம் போய் விஷயத்தைச் சொன்னார். இருபத்தாறு வயது, தாடி, தலைக்கனம்.

"அது நான் வேணும்னே வச்ச பொறிங்க, டாரீன். எரக்கத்துக்கு ஒரு வெல உண்டு. கதையே அதான்."

"யாருகிட்ட கத விடுற? பசிச்ச நாய்க்குச் சோறு போட்டவள வாசல்லயே நிறுத்துறதுதான் உன் கதையா? போய் உங்கம்மாகிட்ட சொல்லு, நல்லா வாங்கிக் கட்டிக்குவ!"

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. மிட்ச் மூன்று நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் ஃபிளாப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "நாய் திருப்பிக் குடுத்துரும்" என்று முனகிவிட்டுப் போனான்.

ஃபிளாப்பி அன்றைக்கே நெப்ராஸ்காவுக்குத் தபாலில் போனது. அடுத்த வாரம் லெஸ்டர் அழைத்தார். "மேடம், நாய் பின்னாலயே வருதுங்க! வாயில ரொட்டியக் கவ்விக்கிட்டு!"

"குடுங்க, காவலாளிகிட்ட குடுங்க." சொன்ன பிறகுதான் விடையை நேராகச் சொல்லிவிட்டது டாரீனுக்கு உறைத்தது.

கதவு கரகரவென்று திறந்தது தொலைபேசியிலேயே கேட்டது.

"என்ன தெரியுது? லெஸ்டர்?"

"வெர்னா," என்றார் அவர். "வானம் பூரா… வெர்னா." பிறகு ஆட்டத்தின் முடிவிசையும் ஒரு கிழவரின் அழுகையும் மட்டும் கேட்டன.

டாரீன் ஹெட்ஃபோனைக் கழற்றினார். எழுந்து, வயர் எட்டும் தூரம்வரை நடந்து, மிட்சைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவன் வந்ததும் ஹெட்ஃபோனை அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.