பிரேக்குக்கு எண்ணெய்

தேயிலை ஃபாக்டரி நின்ற பிறகும் எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லாரும் கொஞ்ச நாள் கத்தித்தான் பேசினோம். மிஷின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகிய வாய். இரைச்சல் போனது வாய்க்குத் தெரியவில்லை.

நான் அங்கே ஆயில்மேன். எந்த மிஷின் கிறீச்சிட்டாலும் எண்ணெய்க் குப்பியோடு போய் நிற்க வேண்டும். நாலாவது வரை படித்தவனுக்கு அது நல்ல வேலை.

தேயிலைக்கு விலை போய்விட்டது. முதலில் வாரத்தில் பாதி நாள் ஓட்டினார்கள். அப்புறம் பூட்டு. காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட யாரும் இல்லை. கங்காணி போனார். கணக்கப்பிள்ளை போனார். லைனில் ஒவ்வொரு வீடாகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு இறங்கியது. போனவர்கள் கதவைக்கூடச் சாத்தவில்லை.

நாங்கள் போகவில்லை. என் வீட்டுக்காரி வரமாட்டேன் என்றாள்.

எங்களுக்கு ஒரே பெண் பிள்ளை. சின்னதிலேயே காய்ச்சலில் போய்விட்டது. ஆறாம் நம்பர் தேயிலைக் காட்டில், செடிகளுக்கு நடுவில் புதைத்தோம். எஸ்டேட் பிள்ளைகள் எல்லாம் அங்கேதான். தலைமாட்டில் ஒரு கல், அவ்வளவு. கொழுந்து எடுக்கிற வரைக்கும் செடி இடுப்புக்கு மேல் போகாது. எடுக்காமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும். கிளை கவிந்து கீழே இருட்டாகும். எந்தக் கல் யாருடையது என்று தெரியாது.

"நான் இறங்கினா செடி மூடிருமுங்க," என்றாள்.

கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு தினமும் போவாள். அந்தக் கல்லைச் சுற்றி வெட்டிவிட்டு வருவாள்.

மலையில் இருக்க வேண்டுமென்றால் சாப்பிட வேண்டும். மலைப்பாதையில் கீழே, பர்லியாரில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பாய் டீக்கடை வைத்திருந்தார். பக்கத்திலேயே பழமும் விற்பார். ஆள் வேண்டும் என்றார். முதல் பஸ் வருவதற்குள் அடுப்பு எரிய வேண்டும். அந்த நேரத்துக்கு எங்கள் பக்கமிருந்து இறங்க பஸ் கிடையாது.

"நடந்து வந்துர்றேனுங்க," என்றேன்.

"நீ நடந்து வந்து சேர்றதுக்குள்ள பால் திரிஞ்சு போயிரும். ஒரு சைக்கிள் வாங்குப்பா."

மலையில் யாரும் சைக்கிள் வைத்திருக்க மாட்டார்கள். வைத்து எங்கே ஓட்டுவது. போகும்போது உருளும், வரும்போது தள்ள வேண்டும். இருந்தாலும் மேட்டுப்பாளையத்தில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கி லாரியில் போட்டுக் கொண்டுவந்தேன். ஓட்டத் தெரியாது. எஸ்டேட்டில் சமதரை ஃபாக்டரிக்குள் மட்டும்தான் உண்டு. வாட்ச்மேன் தெரிந்தவர். பூட்டைத் திறந்துவிட்டார்.

நின்றுபோன மிஷின்களைச் சுற்றிச் சுற்றிப் பழகினேன். தலை நரைத்தவனுக்கு அது வெட்கமாக இருந்தது. டிரையரில் முட்டினேன். தூள் சலிக்கிற ரூமில் விழுந்து எழுந்தேன். வேட்டியெல்லாம் தேயிலைத் தூள். வாட்ச்மேன் படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே பார்த்தார்.

"இந்த ஃபாக்டரியில இப்ப ஓடற மிஷின் நீ ஒருத்தன்தாம்ப்பா," என்றார்.

சமதரையில் பழகியதில் ஒரு குறை. பிரேக்கைத் தொடவே தேவைப்படவில்லை. கால் ஊன்றினால் நின்றுவிடும்.

வேலைக்குப் போன புதிதில் சைக்கிளை வெறுத்தேன். முட்டி வலித்தது. விடியற்காலைப் பனியில் கைப்பிடி இரும்பு விரலைக் கடித்தது. நெஞ்சில் காற்று ஏறி இருமல். கடையில் போய் இறங்கும்போது யாரோ அடித்துப் போட்ட மாதிரி இருக்கும்.

பாய் முன்னே ஊர் ஊராகச் சைக்கிளில் பழம் விற்றவர். நான் வருவதை ஒரு நாள் நின்று பார்த்தார்.

"ஏப்பா, சைக்கிள்ல வர்றியா, தவளை மாதிரி குந்திக்கிட்டு வர்றியா? சீட்டைத் தூக்கு."

அவரே ஸ்பானர் போட்டு ரெண்டு விரல் உயரம் தூக்கினார். முட்டி வலி போய்விட்டது. அத்தனை நாள் பட்ட பாட்டுக்கு ரெண்டு விரல்தான் காரணம். எனக்குக் கோபமாக வந்தது.

அப்புறம் நானே பார்க்க ஆரம்பித்தேன். ஃபாக்டரியில் கிடந்த சாக்கைக் கிழித்துக் கைப்பிடியில் சுற்றினேன். சட்டைக்குள்ளே நெஞ்சில் பழைய பேப்பர் வைத்துக்கொண்டேன். காற்று ஏறவில்லை. சும்மா கனத்துக் கிடந்த கேரியரைக் கழற்றினேன். சாயங்காலம் ஏற்றத்தில் தள்ளும்போது அது இல்லாதது கைக்குத் தெரிந்தது. பின் சக்கரத்துப் பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றினால் மிதிக்க லேசாக இருக்கும் என்று மேட்டுப்பாளையம் சைக்கிள் கடைக்காரர் சொன்னார். மாற்றினேன். ஏற்றத்தில்கூடச் சில இடத்தில் ஏறி உட்கார்ந்து மிதிக்க முடிந்தது. மெதுவாகத்தான். குரங்குகள் சுவரில் உட்கார்ந்து பார்க்கும்.

ஒரு நாள் காலை, கீழே பாக்குத் தோப்பு ஆரம்பிக்கிற இடத்தில் மிதிக்காமல் உருண்டு வந்தேன். மேலிருந்து வந்த குளிர் அங்கேதான் விடும். முகத்தில் காற்று இதமாக அடித்தது. சைக்கிளில் சத்தமே இல்லை. நல்லா இருந்தது. ஃபாக்டரி மூடிய பிறகு எனக்கு நல்லா இருந்தது அது ஒன்றுதான். வீட்டில் சொல்லவில்லை. அவள் கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறவள். அவளிடம் இதை எப்படிச் சொல்வது.

மழை பிடித்ததும் பிரேக் கத்த ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு கிறீச். அதில் எனக்குப் பல் கூசியது. கிறீச் என்றால் எண்ணெய். என் கைக்குத் தெரிந்தது அதுதான். ஒரு சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து பிரேக் கட்டைக்கும் அது உரசுகிற ரிம்முக்கும் நன்றாக எண்ணெய் விட்டேன். துணியால் தடவியும் விட்டேன். சக்கரத்தைச் சுற்றிப் பிரேக் பிடித்தேன். காதை மட்டும்தான் வைத்தேன். சக்கரம் நின்றதா என்று பார்க்கவில்லை.

மறுநாள் காலை, எங்கள் லைனுக்கு நேர் கீழே முதல் வளைவு. பிரேக்கை அழுத்தினேன். சத்தம் இல்லை. சைக்கிள் போய்க்கொண்டே இருந்தது. தடுப்புச் சுவரில் மோதினேன். சுவர் இல்லையென்றால் பள்ளம். தோள் எலும்பு உடைந்தது. பால் லாரிக்காரர் ஒருத்தர் தூக்கிப் போட்டுக் குன்னூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்.

பாய் பார்க்க வந்தார்.

"எவனாச்சும் பிரேக்குக்கு எண்ணெய் விடுவானாப்பா?"

"கத்துச்சுங்க."

"கத்தட்டுமே. உங்க ஊட்டுல சோறா கேட்டுச்சு? நல்ல வேளை, டயருக்கும் தடவாம விட்டே. நேரா மேட்டுப்பாளையத்துல போய் நின்னிருப்பே."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். பாய் ஒரு சீப்புப் பழத்தை வைத்துவிட்டு எழுந்தார். "உன் இடத்துக்கு வேற ஆள் போடல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரி சிரிக்கவில்லை. கட்டோடு வீட்டுக்கு வந்தபோது அவள் தம்பி திருப்பூரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தான்.

"மாமா, மலையில சைக்கிள் ஓட்டற ஆளு நீங்க ஒருத்தர்தான். எங்கூட வாங்க. தரை சமமா இருக்கும், ஆசை தீர ஓட்டலாம்."

அவள் டிரங்குப் பெட்டியை இழுத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கவ்வாத்துக் கத்தியைத் துணியில் சுற்றி அடியில் வைத்தாள்.

"போயிரலாமுங்க," என்றாள்.

"கல்லு?"

"ஒண்ணு அங்க கெடக்குது. ரெண்டாவதையும் அங்க கொண்டு வெக்க என்னால ஆகாது."

தோள் சரியானதும் வண்டி கொண்டுவருகிறேன் என்று சொல்லித் தம்பி இறங்கிப் போனான். அதற்குப் பிறகு அவள் ஆறாம் நம்பர் பக்கம் போகவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் செடி தளிர் விட்டு மேலே வருவது தெரியும். அவள் ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து சமைப்பாள்.

எனக்குப் பேச வராது. ஒரு கையால் செய்ய முடிந்ததைச் செய்தேன். ரிம்மைச் சோடா உப்பு போட்டுச் சுடுதண்ணீரில் கழுவினேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை திரும்பத் திரும்பத் தேய்த்தேன். பாய் புதுப் பிரேக் கட்டை கொடுத்துவிட்டிருந்தார். கட்டுப் பிரித்த பிறகு அதை மாட்டினேன். கேரியரையும் திரும்ப மாட்டினேன்.

தம்பி வருவதற்கு முந்தின நாள் சைக்கிளை வாசலில் நிறுத்தினேன்.

"வா. உட்காரு."

"எங்கீங்க?"

"வளைவு வரைக்கும்."

அவள் சைக்கிளில் ஏறியதே இல்லை. பக்கவாட்டில் உட்கார்ந்தாள்.

"எதைப் புடிக்கறது?"

"என்னை."

"ஆளுங்க பாப்பாங்க."

"யார் இருக்கா பாக்க?"

அவள் லைனைத் திரும்பிப் பார்த்தாள். திறந்து கிடந்த கதவுகள். என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ரோட்டில் இறங்கினோம். ரெண்டு பேர் கனத்துக்குச் சைக்கிள் வேகம் எடுத்தது. அவள் கை என் விலாவில் இறுகியது. வளைவுக்கு முன்னால் பிரேக்கை அழுத்தினேன். கத்தியது. மலையே கேட்கிற மாதிரி கத்தியது. சுவரில் இருந்த குரங்குகள் ஓடின. சுவருக்கு இந்தப் பக்கமே சைக்கிள் நின்றது.

அவள் இறங்கினாள். சுவரில் நான் மோதிய இடத்தில் காரை பெயர்ந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். எட்டிப் பள்ளத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இப்படித்தான் கத்துமா?"

"கத்தும். இனி எண்ணெய் விடமாட்டேன்."

"ஊட்டுக்குக் கேக்குமா?"

மேலே பார்த்தேன். எங்கள் லைன் கூரை தெரிந்தது. ஃபாக்டரி ஓடியிருந்தால் கேட்காது.

"கேக்கும்," என்றேன்.

நான் கைப்பிடியைப் பிடிக்க, அவள் பின்னால் தள்ள, ஏற்றத்தில் திரும்பி வந்தோம். அவள் வீட்டுக்குள் போய்ப் பெட்டியின் அடியில் கைவிட்டுக் கத்தியை எடுத்தாள். மறுநாள் தம்பி வண்டியோடு வந்தான். திட்டிவிட்டுக் காலி வண்டியோடு போனான்.

அந்த மழைக்கு ஆறாம் நம்பரில் மற்றக் கல்லெல்லாம் செடிக்குள் போய்விட்டது. இறங்கிப் போனவர்கள் யாரும் வந்து தேடவில்லை. எங்கள் கல்மேல் மட்டும் வெளிச்சம் விழும்.

விடியற்காலையில் நான் கிளம்பும்போது அவள் கதவில் சாய்ந்து நிற்பாள். கீழே வளைவில் பிரேக் கத்துகிற வரைக்கும் நின்று, அதற்குப் பிறகுதான் கத்தியை எடுப்பாள்.