வந்திருந்தார், ஓட்டுப் போடவில்லை

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. முன்னுக்குப் பின் வரும், சிலது மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தபாலில் வந்த வழவழப்பான அட்டை ஒன்றில் இருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. அதில் எங்கள் பகுதி செனட்டர் வேலி ஓரம் நாயோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். டெல்லிக்குப் போகும் எம்.பி. மாதிரிப் பெரிய செனட்டர் இல்லை, நம் ஊர் எம்.எல்.ஏ. மாதிரி டெக்சாஸ் மாநிலத்துக்கு மட்டுமான செனட்டர். நாங்கள் இருக்கும் பேர்லேண்டில் தேர்தல் வந்தால் இந்த மாதிரி அட்டைகள் பீட்சாக்கடை விளம்பரங்களோடு சேர்ந்து வரும், எடுத்துக் குப்பையில் போடுவோம். இதை மட்டும் சம்பந்தி எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு பக்கமும் படித்தார்.

சம்பந்தி என்றால் என் மருமகளின் அப்பா. மனைவி தவறிய பிறகு மகளோடு இருக்கட்டும் என்று ஈரோட்டிலிருந்து வரவழைத்தோம். பெண் கொடுத்தவரும் பெண் எடுத்தவளும் ஒரே வீட்டில் இருப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அவர் ஹாலில் உட்கார்ந்தால் நான் அடுப்படியிலேயே நிற்பேன். நான் ஹாலுக்கு வந்தால் அவர் எழுந்து வெளியே போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பார். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் இத்தனை பெரிய வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டே பொழுதைக் கழித்தோம்.

அன்றைக்கு அவர் ஹாலில் இருந்தபடியே குரல் கொடுத்தார்.

"ஏனுங்க சம்பந்தியம்மா, உங்களுக்கு இங்க ஓட்டு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க. இதுவரைக்கும் போட்டதில்லீங்க."

அட்டையை மேஜையில் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "எனக்கு இல்லாதது உங்களுக்கு இருக்குதுங்க" என்றார்.

நான் பல வருஷங்களுக்கு முன் வந்தவள். வயதானவள் என்று சிட்டிசன் பரீட்சைக் கேள்விகளைத் தமிழிலேயே கேட்டார்கள், பாஸானேன். அவரிடம் கிரீன் கார்டு மட்டும்தான். ஆனால் ஓட்டின் அவசியம் அவருக்குத்தான் இருந்தது. சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிசுக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் கார் இல்லாமல் தெருமுனை கூடத் தாண்ட முடியாது. வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அரசாங்கப் பணத்தில் ஒரு வேன் வந்தது. அது நின்றால் மருமகள் வேலையை விட வேண்டும், இல்லையென்றால் இவர் ஊர் திரும்ப வேண்டும். அந்த வேனுக்குப் பணம் ஒதுக்குவதா வேண்டாமா என்று செனட்டில் ஓட்டெடுப்பு நடந்ததாக அந்த அட்டையில் இருந்தது.

அன்றிலிருந்து அவருக்கு அந்த ஆளைத் தெரிந்துகொள்வதே வேலையாகிவிட்டது. போக்குவரத்துக் கழகத்தில் டிக்கெட் செக்கராக இருந்தவர், அதனால் செனட்டரின் வாழ்க்கையையும் பஸ் ரூட் போலத்தான் சொல்வார். முதலில் பள்ளிக்கூட போர்டுக்கு நின்று தோற்றார். "அங்க வண்டியே ஏத்தலீங்க." அப்புறம் நகர சபை. அங்கிருந்து கீழ்ச்சபை, எதிர்த்து நிற்க ஆளே இல்லையாம். "காலி வண்டி, ஜன்னல் சீட்டு." பழைய செனட்டர் ஓய்வெடுத்ததும் அந்த இடத்துக்கு நின்றார், யாருக்கும் பாதி ஓட்டு கிடைக்காமல் மறுபடி ஒரு தேர்தல் வைத்து, அதில் ஜெயித்தார். "தொங்கிட்டுத்தான் வந்து சேர்ந்தாருங்க." நான் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். எனக்குச் சிரிப்பு வரும், சத்தம் வராமல் சிரித்துக்கொள்வேன்.

இங்கே எந்த உறுப்பினர் எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார் என்பது கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைப் பார்த்து அவர் அசந்துபோனார். போதாததற்குச் சில சங்கங்கள் ஒவ்வொருவருக்கும் மார்க் வேறு போடுகின்றன. ஒரு சங்கம் நம் ஆளுக்கு முதல் வகுப்பு கொடுத்திருந்தது, இன்னொன்று ஃபெயில் போட்டிருந்தது. "ஒரே பேப்பருங்க, திருத்துற வாத்தியார்தான் வேற" என்று நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் தேடலில்தான் அந்த விஷயம் கண்ணில் பட்டது. வேனுக்குப் பணம் வேண்டாம் என்பது செனட்டருடைய கட்சியின் முடிவு. இவர் மட்டும் வேண்டும் என்று ஓட்டுப் போட்டிருந்தார். அந்தத் தடவை வேனுக்குப் பணம் கிடைத்திருந்தது.

"அந்தப் பக்கம் தாவிப்போட்டாருங்க" என்றார் சம்பந்தி, குரலைத் தாழ்த்தி.

எனக்கும் சந்தேகமே வரவில்லை. நம் ஊரில் கொறடா சொன்னதை மீறிக் கை தூக்கினால் பதவி போய்விடும் என்பது எனக்கே தெரியும். தாவ முடிவு பண்ணாதவர் எதற்காக மீறப் போகிறார்? மருமகளிடம் கேட்கவும் இல்லை. அவள் மீட்டிங் மீட்டிங் என்று அறைக்குள்ளேயே இருப்பாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரைக் கட்சி மாற்றிவிட்டோம்.

எந்தக் கட்சிக்கு யார் வேட்பாளர் என்று மக்களே முடிவு செய்யும் முதல் சுற்றுத் தேர்தல் வந்தது. இதில் ஒவ்வொரு கட்சிக்கும் தனித்தனி ஓட்டுச்சீட்டு, எது வேண்டும் என்று நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். என் வாழ்க்கையில் முதல் ஓட்டு. மருமகள் என்னை லைப்ரரிக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனாள். கிளம்பும்போது சம்பந்தி கதவு வரை வந்து, "மத்தக் கட்சிச் சீட்டுங்க, மறந்துறாதீங்க" என்றார்.

மேஜையில் இருந்த வெள்ளைக்காரம்மாவிடம் அவர் சொன்னபடியே கேட்டு வாங்கினேன். சீட்டை மெஷினில் செருகிவிட்டுத் திரை முன் நின்றேன். சின்னம் எதுவும் கிடையாது, வெறும் பெயர்கள். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். மேலிருந்து கீழே வந்தேன், கீழிருந்து மேலே போனேன். நம் ஆள் இல்லை. போனை உள்ளே எடுக்கக் கூடாது. எதையாவது ஒன்றைத் தொட்டுவிட்டுப் போய்விடலாம், யாருக்கும் தெரியப் போவதில்லை. நான் அப்படி ஒதுங்கிப்போகிறவள்தான். கல்யாணத்தில் தாம்பூலப் பை கொடுக்க மறந்துபோனாலும் கேட்காமல் வருகிறவள். ஆனால் அன்றைக்கு வேன் ஞாபகம் வந்தது, கையைத் தூக்கிவிட்டேன்.

அந்த அம்மா வந்தார். பின்னாலேயே மருமகளும் வந்தாள்.

"என்ன ஆச்சு அத்தை?"

"நம்மாளக் காணோம் கண்ணு."

"அவரு இந்தப் பார்ட்டியே இல்லையே. யாரு உங்களுக்குச் சொன்னது? அப்பாவா?"

அந்த அம்மா சிரிக்கவில்லை. சீட்டு இன்னும் பெட்டிக்குள் போகவில்லை என்பதால் அதை ரத்து செய்து சரியான சீட்டைக் கொடுத்தார். நம் ஆளின் பெயர் இரண்டாவதாக இருந்தது. தொட்டேன்.

வீட்டில் சம்பந்திக்கு மகளிடம் நல்ல டோஸ் கிடைத்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து அவரை டிஃபீட் பண்ணியிருப்பீங்க" என்றாள். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. என்னைப் பார்த்து, நேருக்கு நேர், "அப்போ அந்தக் கட்சியிலயே இருந்துக்கிட்டு அந்தக் கட்சிக்கு எதிராவும் கை தூக்கலாமுங்களா?" என்றார். எத்தனையோ வருஷம் பஸ்ஸில் டிக்கெட் இல்லாதவர்களைப் பிடித்தவருக்கு, இப்படியும் ஒரு பயணம் உண்டு என்பது அன்றுதான் தெரிந்ததுபோல இருந்தது அந்த முகம். அதற்கப்புறம் நான் ஹாலில் உட்கார ஆரம்பித்தேன். அவரும் எழுந்து போவதை விட்டுவிட்டார்.

செனட்டர் ஜெயித்தார். ஆனால் சொந்தக் கட்சிக்காரர் ஒருவரே அவரைத் துரோகி என்று சொல்லி எதிர்த்து நின்றதில், மயிரிழையில்தான் தப்பித்தார். அடுத்த சபை கூடியபோது வேன் விஷயம் மறுபடி ஓட்டெடுப்புக்கு வந்தது. ஒரே ஓட்டுக் குறைவில் தோற்றது. மருமகள் கம்ப்யூட்டரில் தேடிப் படித்தாள். நம் ஆள் வேண்டும் என்றும் போடவில்லை, வேண்டாம் என்றும் போடவில்லை. சபைக்கு வந்திருந்தார், ஓட்டுப் போடவில்லை, அவ்வளவுதான் இருந்தது.

வேன் நின்றது. மருமகள் சில மாதம் லீவு போட்டுப் போட்டு அவரைக் கூட்டிப்போனாள். அவள் வேலைக்கு ஆபத்து வரும்போல இருந்தது, அவரே ஊருக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டார். ஈரோட்டில் அவருடைய மகன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே ஆஸ்பத்திரி. ஏர்போர்ட்டில் மருமகள் அழுதாள். அவர் என்னிடம், "அந்தாளு மேல கோபமில்லீங்க சம்பந்தி. ஏன்னு தெரிஞ்சாப் போதுமுங்க" என்றார். அன்றைக்குத்தான் நான் 'அம்மா' இல்லாமல் வெறும் சம்பந்தி ஆனேன்.

இப்போது போனில் பேசும்போது உடம்பைக் கேட்டால் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். "நம்மாளு சமாச்சாரம் தெரிஞ்சுதுங்களா?" என்பதுதான் அவருடைய கேள்வி. மருமகளை செனட்டர் ஆபீசுக்குப் போன் பண்ணச் சொன்னேன். உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம், நன்றி என்றார்களாம். நாங்கள் கருத்தா சொன்னோம், கேள்வி அல்லவா கேட்டோம்.

எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ஆயுசு முழுக்க வந்திருந்து வாய் திறக்காமல் போனவள் நான். அது பயத்தாலும் வரும், சொன்னால் யாருக்காவது வலிக்குமே என்பதாலும் வரும், சில சமயம் தூக்கத்தாலும் வரும். செனட்டருக்கு எதனால் வந்தது என்று வெளியிலிருந்து எப்படிச் சொல்வது?

அவர் மறுபடி நிற்கிறார். இந்தத் தடவை எந்தக் கட்சிச் சீட்டு என்று எனக்குத் தெரியும், பெயரைத் தொடுவதா வேண்டாமா என்பதுதான் தெரியவில்லை. இந்த மாதிரி விவரம் தெரிந்த யாராவது இதைப் படித்தால், அந்த இரண்டாவது ஓட்டெடுப்பைக் கொஞ்சம் சரிபார்த்துச் சொல்லுங்கள். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம், எங்களுக்கு அது புதிதில்லை. லைப்ரரியில் ஓட்டுப் போட ஆரம்பிப்பதற்குள் தெரிந்தால் நல்லது. ஈரோட்டுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவேன்.