தாலிக்குண்டும் அரிசிச் சட்டியும்

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த மாதங்களில் எனக்குத் தங்கப் பைத்தியம் பிடித்திருந்தது. நகைத் தங்கம் இல்லை, ஆற்றுத் தங்கம். அந்தக் காலத்து ஆட்கள் ஆற்றுச் சரளையைச் சட்டியில் அள்ளி, தண்ணீரோடு சுழற்றிச் சுழற்றி எப்படித் தங்கத்தைப் பிரித்தார்கள் என்று ஃபோனில் பார்ப்பேன். பார்த்ததை எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அகப்பட்ட ஆளிடமெல்லாம் சொல்வேன். "மாணிக்கக் குழிக்குப் போறவன் வீட்ல தங்கம் தேடுது பாரு ஒண்ணு" என்பார் அண்ணன்.

கடைசிவரை உட்கார்ந்து கேட்டது அண்ணி மட்டும்தான். ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து எங்கள் ஓப்பநாயக்கத் தோட்டத்துக்குக் கல்யாணம் முடித்து வந்த புதிது. வேறு யாரிடமும் பேசிப் பழகாததால் கேட்டாரோ என்னவோ.

ஒருநாள் பகலில் பீலிக்கு, மலைத் தண்ணீர் குழாயாய் விழும் இடத்துக்கு, குளிக்கப் போன அண்ணி ஈரத் துணியோடு ஓடி வந்தார். மூடியிருந்த கையைத் திறந்தார். தாலியும் ஒரு தங்கக் குண்டும்.

"சோப்பு போடுறப்ப கயிறு அந்துருச்சி பாப்பா. தாலியப் புடிச்சிட்டேன். இன்னொரு குண்டு போயிருச்சி."

அண்ணன் மாணிக்கக் குழிக்குள் வேலையில் இருந்தார். அம்மா மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். பூனை குறுக்கே போனாலே அண்ணனைக் கூப்பிட்டு, தண்ணீர் குடிக்க வைத்து, மறுபடி அனுப்புகிறவர் அம்மா. தாலிக்கயிறே அறுந்ததென்றால்?

"மாமி வர்றதுக்குள்ள கெடைக்கலன்னா நான் எங்க வீட்டுக்கே போயிருவேன்." அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டே சொன்னார்.

கீழே ஓடைவரை தேடப் போக இருந்தவரை நான்தான் பிடித்து நிறுத்தினேன். "அண்ணி, தங்கம் கனம். தண்ணி வேகமா ஓடுற எடத்துல நிக்காது. விழுந்து ஓயுற எடத்துல அடியில போய் உக்காந்துக்கும். அந்தக் காலத்துல அப்படித்தான் எடம் பாத்துத் தோண்டுனாங்க."

"பீலிக்கு அடியிலயா?"

"பீலிக்கு நேர் அடியில."

எங்கள் பீலியிலிருந்து தண்ணீர் விழுந்து விழுந்து கீழே ஒரு குழி உண்டு. நிறையச் சரளை. வீட்டுக்குப் பின்னால் கிடந்த அண்ணனின் மாணிக்கம் அரிக்கும் கூடையைக் கொண்டுவந்து, சிரட்டையால் சரளையை அள்ளிப் போட்டு, அந்தக் குழித் தண்ணீரிலேயே வைத்து அரித்தோம். பாதையில் போன கடைக்கார ஐயா, "மொக்கத நங்கி ஹொயன்னே?" என்று சிங்களத்தில் கேட்டார். என்ன தேடுகிறீர்களாம்.

"மெனிக்!" என்றேன். மாணிக்கமாம்.

"ஹம்புனோத் மட்டத் தியன்ன." கிடைத்தால் தனக்கும் வைக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.

கடைசிக் கூடையிலும் வெறும் கல்தான். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் கூடையின் கண்களைப் பார்த்தேன். குண்டு மிளகைவிடச் சிறிசு. மாணிக்கம் தேடுகிறவன் மணலைப் போகவிட்டுக் கல்லைப் பார்ப்பான். தங்கம் தேடுகிறவன் கல்லை வீசிவிட்டு மணலைப் பார்ப்பான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த கை, கேட்காமலே கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"அழாதீங்க அண்ணி. கூடையிலேருந்து விழுந்த மணல் பூரா இந்தக் குழியிலதான் கெடக்கு."

அடுப்படிக்கு ஓடி அரிசி அரிக்கிற சட்டியை எடுத்து வந்தேன். சிங்களத்தில் நெம்பிலிய என்பார்கள். உள்பக்கம் சுற்றிச் சுற்றி வரிவரியாக இருக்கும். ஆட்டினால் அரிசி தண்ணீரோடு அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் வரியில் தங்கிவிடும். ஃபோனில் பார்த்த தங்கச் சட்டிகளுக்கும் இதே வரிதான். தினமும் கையில் எடுக்கும் சட்டியே ஒரு தங்கச் சட்டி என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

மணலை அள்ளி ஆட்டினேன். ஏதோ மின்னியது. "இந்தா!" என்று அண்ணி பாய்ந்தார்.

"அது காக்காப்பொன்." சொல்லும்போதே அது தண்ணீரோடு மிதந்து போனது.

"உங்க ஊருல எல்லாம் மின்னுது, ஒண்ணும் ஒதவல."

மழை கறுத்ததால் மலையில் அன்றைக்குச் சீக்கிரமே கொழுந்தை எடை போட்டு ஆட்களை அனுப்பிவிட்டிருந்தார்கள். படிக்கட்டில் அம்மாவின் குரல். "அரிசி அரிக்கிற சட்டியில மண்ண அள்ளிக்கிட்டு என்னடி பண்றீங்க?"

அண்ணி எழுந்து நின்றார். கை தானாகக் கழுத்துக்குப் போனது. அம்மாவின் கண்ணும் அங்கேதான் போனது, முடிச்சுக்கு.

"எது போச்சி?"

"ஒரு குண்டு, மாமி."

அம்மா தலையில் போட்டிருந்த கம்பளியைக் கல்லின்மேல் வைத்துவிட்டு என் பக்கத்தில் குந்தினார். "நீ ஏன் நிறுத்துன? ஆட்டு."

ஆட்டினேன். வெள்ளை மணல் போனது. கனமான கருமணல் மட்டும் வரியில் ஒட்டி நின்றது. சரியான இடம் என்பதற்கு அதுதான் அடையாளம் என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் தண்ணீர், மெதுவாக ஒரு சுற்று. கருப்புக்கு நடுவே மஞ்சளாக, உருளாமல் உட்கார்ந்திருந்தது.

அம்மாதான் விரல் நுனியில் எடுத்து அண்ணியின் உள்ளங்கையில் வைத்தார். "இத்துப்போன கயிறு. மாத்திக் குடுக்கணும்னு நாந்தான் நெனச்சிக்கிட்டே இருந்தேன்." சகுனம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று மாலையே புதுக் கயிற்றில் மஞ்சள் பூசி, இரண்டு குண்டையும் அம்மா தன் கையால் கோர்த்துக் கட்டிவிட்டார். சோற்றுக்கு உட்கார்ந்தபோது ஒன்றும் தெரியாத அண்ணனிடம் சொன்னார்: "பல்லுல கல்லு கடிச்சா துப்பிடாத. உன் தங்கச்சிகிட்ட காட்டிட்டுத் துப்பு."

அண்ணன் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மாவுக்கு முன்னால் அண்ணி வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.