அப்பாவின் ஜீப்பில் என் மகளின் சீட்

என் அப்பாவின் ஜீப்பைப் பற்றி எங்கள் சொந்தத்தில் எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே எரியும்.

பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். தோட்டத்தை ஒட்டியே அப்பா போட்ட பனியன் கம்பெனி. ஜீப் அந்தக் கம்பெனியைவிடப் பழசு. முன்னால் இரண்டு சீட், பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. முழங்கால் முட்ட உட்கார வேண்டும். எங்கேயும் பெல்ட் கிடையாது. விசேஷம் என்றால் வீட்டு ஆட்களை மொத்தமாக அதில் அடைத்துக்கொண்டு போய் இறங்க வேண்டும். அப்பாவுக்கு அதுதான் கௌரவம். யாராவது தனியாக பஸ்ஸில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கம்பெனியில் நான் தரம் பார்க்கிறேன். நாங்கள் தைப்பது வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான உடுப்பு. ஒவ்வொரு ஸ்னாப் பட்டனையும் மெஷினில் மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். அது கழன்று எங்கோ ஒரு குழந்தையின் தொண்டையில் சிக்கிவிடக் கூடாது. லைனில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்கும்வரை வேலை நிற்கும். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்தப் பெட்டியையே ஒதுக்கிவிடுவோம். இதையெல்லாம் அப்பா ஒரு குறையும் இல்லாமல் செய்வார். வாங்குகிறவன் கேட்கிறான், அதனால் செய்வார்.

மகளுக்கு இரண்டு வயது ஆனபோது அவளுக்கென்று காரில் பெல்ட்டால் கட்டி வைக்கும் குழந்தை சீட் ஒன்று வாங்கினேன். வீட்டில் கார் இல்லை. என் வீட்டுக்காரரிடம் பைக்தான் இருந்தது. எங்கே போனாலும் அப்பாவின் ஜீப்தான். சீட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பெனி வாசலில் நின்ற ஜீப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஏனுங்ப்பா, இதை இதுல எங்கீங்க கட்டறது?"

"எதுக்குக் கட்டோணும்? அவ என்ன கன்னுக்குட்டியா?" என்றார் அப்பா. செக்கிங் டேபிளில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "நீயும் இதே ஜீப்புல என்ற மடியில ஒக்காந்து வளந்தவதான. செத்தா போயிட்ட?"

"சாகாதவங்கதானுங்க வந்து இப்படிப் பேசறாங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. கட்டிங் மாஸ்டர் மட்டும், "அய்யா, அக்கா இன்னைக்கு எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ற மூடுல இருக்கறாங்க. தள்ளியே நில்லுங்க" என்றார்.

சீட்டோடு வந்த தாளை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். முன்னால் பார்த்த சீட்டில்தான் வைக்க வேண்டும், பக்கவாட்டுப் பெஞ்சில் வைக்கவே கூடாது. அந்த வண்டிக்கென்றே வந்த பெல்ட்டால்தான் கட்ட வேண்டும், வேறு கயிறோ பட்டையோ ஆகாது. அவர் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஊரு ஒலகத்துக்கெல்லாம் தெச்சுக் குடுக்கறோம். நம்ம புள்ளைக்கு ஒரு பெல்ட்டுத் தெக்க முடியாதா?" என்றார். பேத்திக்குச் செய்கிறோம் என்ற சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஒரு வாரத்தில் வேலை முடிந்தது. ஒரு பெஞ்சைக் கழற்றிவிட்டுப் பழைய வேன் சீட் ஒன்றை முன்னால் பார்த்தாற்போல் வைத்து, ஜீப்பின் தரைத் தகரத்தில் போல்ட் போட்டு முறுக்கினார்கள். பள்ளிக்கூடப் பைக்கு வைக்கும் பட்டை டேப்பை இரண்டாக மடித்து, ஓரம் ஓரமாக நெருக்கிப் பூட்டுத் தையல் போட்டுப் பெல்ட் தைத்தார்கள். அப்பாவே பக்கத்தில் நின்று நூல் தேர்ந்தெடுத்தார். பிறகு அந்தப் பெல்ட்டை உத்தரத்தில் மாட்டி ஒரு முழுத் துணி ரோலைத் தொங்கவிட்டார். ஒரு பகல் முழுக்கத் தொங்கியது. ஒரு நூல் பிரியவில்லை.

"பாஸா, பெயிலா? நீயே சொல்லு" என்றார் என்னிடம்.

"இது வண்டியோட பெல்ட்டு இல்லீங்கப்பா. தாள்ல வேண்டாம்னு போட்டிருக்குதுங்க."

"தாளு போட்டவன் என்ற தையலப் பாத்தானா?"

கம்பெனி முழுக்க அவர் பக்கம். தையல் தெரிந்தவர்கள் ஒரு கூட்டமே நின்று தையலைப் பார்த்தோம். தையல் எதில் முடிகிறது என்று ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

கொமரலிங்கத்தில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. நான் வர மாட்டேன் என்று சொன்னேன். என் வீட்டுக்காரர், "ஒரு நாளைக்குத்தான, உங்கப்பா மனசு நோகும்" என்றார். அப்பா மனசு நோகும், அம்மா மனசு நோகும், மாமன் மனசு நோகும். இந்த ஊரில் எலும்பைத் தவிர எல்லாம் சட்டென்று நோகும். ஏறினேன். அப்பா ஓட்டினார், அவர் பக்கத்தில் என் வீட்டுக்காரர். பின்னால் வேன் சீட்டின்மேல் கட்டிய அவள் சீட்டில் மகள், மிச்சமிருந்த பெஞ்சில் நான்.

உடுமலை தாண்டிக் கொஞ்ச தூரம்தான். மொபெட்டில் புல்லுக்கட்டு வைத்திருந்த ஒருவர் திரும்பிப் பார்க்காமல் குறுக்கே திரும்பினார். அப்பா பிரேக்கை மிதித்து வண்டியை ஒடித்தார். மொபெட்காரர் தப்பினார். ஜீப் வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் முட்டி நின்றது. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் சிராய்ப்புதான். எனக்குத் தோள் இடித்தது.

வேன் சீட் போல்ட்டோடு, போல்ட் தரைத் தகரத்தோடு, மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தது. என் மகள் அதில் கட்டப்பட்டு இருந்தாள். அந்த இரும்புச் சட்டத்துக்கும் முன் சீட்டின் முதுகுக்கும் நடுவில் அவள் கால். அவளை வெளியே எடுக்கப் பெல்ட்டை அறுக்கப் பார்த்தார்கள். அப்பாவின் தையல் லேசில் அறுபடவில்லை. அவள் அழுத அழுகை எனக்கு இப்போதும் மெஷின் சத்தத்துக்கு நடுவில் கேட்கிறது.

தொடை எலும்பு முறிந்திருந்தது. வயிற்றிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. நல்ல வெயில் காலம். கட்டுக்குள் அரிக்கும், சொல்லத் தெரியாது, தலையைத் தலையணையில் முட்டுவாள். மூத்திரம் கட்டுக்குள் இறங்கும். துணி வைத்து அடைத்தாலும் இறங்கும். அந்த வாடையிலேயே நாங்கள் சாப்பிட்டோம், தூங்கினோம்.

பார்க்க வந்தவர்கள் ஆப்பிள் வாங்கி வந்தார்கள். "மடியில வெச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுங்க. சீட்டு, கீட்டுன்னு படிச்சவங்க பண்ற வேல" என்றார்கள். மடியில் இருந்திருந்தால் அவள் கண்ணாடி வழியாக வாய்க்காலில் போய் விழுந்திருப்பாள். சொன்னேன். ஆப்பிளை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அப்பா ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் மெதுவாகச் சொன்னார்: "ஆனாலும் பாரு கண்ணு, தையல் பிரியலியே."

வெளியே போங்கள் என்று என் அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை.

ஜீப்பைத் திரும்பச் சரிசெய்யப் பட்டறைக்கு அனுப்பியிருந்தார். அங்கே போனேன். தரையில் கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கினேன். தகரம் பழுப்பு நிறத்தில் அப்பளமாக உதிர்ந்தது. விரலை வைத்து அழுத்தினேன். விரல் அந்தப் பக்கம் போய்விட்டது. போல்ட் போட்டது இதே பட்டறைக்காரர்தான்.

"இதுலயா போல்ட் போட்டீங்க?"

"ஓட்டை போடறப்பவே பொலபொலன்னு வந்துதுங்க."

"தெரிஞ்சா சொல்ல வாய் இல்லீங்களா?"

"அய்யா பக்கத்துல நின்னுட்டு, போடுன்னாருங்க. அவரு கிட்டப் போயி உங்க வண்டி இத்துப் போச்சுன்னு எப்படீங்க சொல்றது?" என்றார். பிறகு ஆறுதலாக, "இப்ப அடியில பிளேட்டு வெச்சு வெல்டிங் பண்ணிட்டனுங்க. ஒண்ணும் ஆகாதுங்க" என்றார்.

இத்தனை 'ங்க' போட்டுப் பேசுகிற ஊர். பெரியவர் முகம் கோணக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பேசுவோம். அந்த மரியாதையில் என் மகள் கால் உடைந்தது. அவர் முகத்துக்கு நேராக, அய்யா, தகரம் தாங்காது என்று ஒருவன் சொல்லியிருந்தால் போதும். அவருக்கும் தெரியாமல் இல்லை. அந்த ரப்பர் விரிப்பை வாங்கிப் போட்டதே அவர்தான்.

கட்டுப் பிரிக்கிற அன்று வாடகைக் கார் சொன்னேன். புதிதாக ஒரு சீட் வாங்கியிருந்தேன். அந்தக் காரில் பின் சீட் பெல்ட்டின் பூட்டுகளை உறைக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தார்கள். டிரைவர், "பின்னால யாருங்க பெல்ட்டு போடறாங்க?" என்றார். நூல் வெட்டுகிற டிரிம்மரை எடுத்து உறையைக் கிழித்துப் பூட்டை வெளியே இழுத்தேன். அவர் கத்தினார். கத்தட்டும் என்று சீட்டைப் பெல்ட்டில் பூட்டி, முழங்காலால் அழுத்தி, ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தால் அப்பா ஜீப்போடு நிற்கிறார். பெயின்ட் அடித்துக் கழுவி நிறுத்தியிருக்கிறார். "வா சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்று கையை நீட்டினார். மகள் என் இடுப்பிலிருந்து அவரை நோக்கித் தாவினாள்.

"அவ இதுல ஏற மாட்டாளுங்கப்பா. இன்னைக்கு இல்ல. என்னைக்குமே."

"நாலு பேரு பாக்கறாங்க."

"பாக்கட்டும். தரை இத்துப் போச்சுங்க. உங்களுக்கே தெரியும்."

அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். அதற்கப்புறம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கம்பெனியில் எதிரே வந்தால் லைன் மாறிப் போகிறார். நான் பெற்றவருக்கு மரியாதை தெரியாதவள் என்று சொந்தத்தில் பேச்சு. என் வீட்டுக்காரர்கூட, "ஒரு தடவ போயி மன்னிப்புக் கேட்டுரு" என்கிறார். கேட்க மாட்டேன்.

சாயங்காலத்தில் ஜீப் எங்கள் வீதி வழியாகத்தான் தோட்டத்துக்குப் போகிறது. சத்தம் கேட்டதும் மகள் "அப்புச்சி, அப்புச்சி" என்று ஒரு காலை இழுத்துக்கொண்டே வாசலுக்கு ஓடுகிறாள். ஜீப் எங்கள் வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் மெதுவாகிறது. நான் போய்க் கேட்டைச் சாத்துகிறேன்.