நாற்பத்தேழு டூலும் ஒரு கஞ்சி வண்டியும்

நாற்பத்தேழு. முகம்மது சுல்தானிடம் இருந்த கட்டிங் டூல்களின் எண்ணிக்கை அது. அவற்றைக் கொண்டு அவர் அதுவரை கடைந்து முடித்த சாமான்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

லேத் மெஷின் ஜெலுத்தோங்கில் ஐந்தாவது மாடி வீட்டின் பால்கனியில் இருந்தது. தையல் மெஷினைவிடக் கொஞ்சம் பெரிது. பித்தளையையோ இரும்பையோ ஒரு பக்கம் கவ்விப் பிடித்துச் சுழற்றும்; சுழல்வதைச் சீவ ஒரு டூல் வேண்டும். சுல்தானைப் பொறுத்தவரை மெஷின் ஒரு சாக்கு. விஷயமே டூல்தான்.

முதலில் ஆன்லைனில் பதினோரு டூல் கொண்ட ஒரு பெட்டி வாங்கினார். நுனியில் கார்பைடு ஒட்டியவை, தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்ததுபோல் மினுமினுக்கும். ஒரு வீடியோவில் தாடி வைத்த ஒருவர், சின்ன மெஷினுக்கு கார்பைடு தாங்காது, ஹைஸ்பீடு ஸ்டீல்தான் சரி, அதையும் நாமே தீட்டிக்கொள்ள வேண்டும் என்றார். சுல்தான் ஸ்டீல் துண்டுகள் இருபத்துநான்கு வாங்கினார். அடுத்த வீடியோவில் தாடி இல்லாத ஒருவர் முன்னவரைக் கழுதை என்றார். இருவரையும் பகைத்துக்கொள்ள மனமில்லாமல் சுல்தான் மேலும் பன்னிரண்டு வாங்கினார்.

தீட்டுவது தினமும் காலை ஒன்பது மணிக்கு. கிரைண்டரில் வைப்பார், பொறி பறக்கும், சூடானதும் மனைவியின் மைலோ கோப்பையில் முக்குவார். பிறகு பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு கூர்முனையை ஆராய்வார். பிறகு ஒரு படிவம். டூல் எண், தேதி, சாய்வு, கூரில் பிசிறு உண்டா இல்லையா. கடைசிக் கட்டத்தில் எப்போதும் ஒரே முடிவு. சிவப்பு ஸ்டிக்கர். ரிஜெக்ட். மறுநாள் மறுபடி தீட்டல்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சுல்தான் பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் முப்பத்தொரு வருடம் தரம் பார்க்கும் கியூசி வேலை பார்த்தவர். அத்தனை வருடத்திலும் ஒரு திருகாணிகூடச் செய்ததில்லை. பிறர் செய்ததை மட்டும் திருப்பி அனுப்பினார். ஓய்வு பெற்ற நாளில் மேசை டிராயரில் மிச்சமிருந்த சிவப்பு ஸ்டிக்கர் சுருளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பச்சைச் சுருளை அங்கேயே விட்டுவிட்டார்.

இரண்டு வருடத்தில் நாலு அங்குல டூல்கள் இரண்டரை அங்குலமாயின. பால்கனியில் காய வேண்டிய துணிகள் ஹாலுக்குள் வந்தன. டிவி பார்க்க வேண்டுமென்றால் மனைவி ஹாஜராவின் பாஜு குரோங் அங்கியை விலக்கிப் பார்க்க வேண்டும்.

நோன்புக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஹாஜராவின் தம்பி ஹைருல் வந்தான். நாற்பது வயது, பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி அவன் பொறுப்பு. தொங்கிய ஈரத் துண்டைத் தலையால் முட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தான். கையில் ஒரு வண்டிச் சக்கரம்.

"மச்சான், அண்டா வண்டி சக்கரம். உள்ள அச்சு சுத்துற வளையம், புஷ், தேஞ்சு போச்சு. போன வருசம் வாசல் திரும்பறப்போ வண்டி சாஞ்சு, பாதி கஞ்சி லொங்காங் சாக்கடைல. பூனைதான் நோன்பு தொறந்துச்சு. ஒரு பித்தளை புஷ் கடைஞ்சு கொடுங்களேன்லா."

"டூல் இன்னும் ரெடியாகல," என்றார் சுல்தான்.

"நாப்பத்தேழு இருக்குதே?"

"நாப்பத்தேழும் ரிஜெக்ட்."

ஹாஜரா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் மீன் வெட்டும் கத்தி.

"தம்பி, நீயே சாட்சி. மொத நோன்புக்குள்ள இந்த மெஷின்ல உருப்படியா ஒரு சாமான் வந்தா, அது பால்கனியிலயே இருக்கட்டும். வரலன்னா அக்கரை சுங்கை பாக்காப் தங்கராஜு அண்ணே மெஷின வெலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு, ஞாயித்துக்கெழம வேன் கொண்டாரச் சொல்லிருவேன். என் துணிக்கு வெயில் வேணும்."

"ஒரு சாமான்னா, பாஸ் ஆன சாமானா?" என்றார் சுல்தான்.

"பாஸோ ஃபெயிலோ, நீங்களே சொல்லுங்க. ஒங்க வாயாலயே வரட்டும்."

சுல்தான் அதற்கு ஒப்புக்கொண்டார். தன் வாயைப் பற்றி அவருக்கே நன்றாகத் தெரியும்.

அடுத்த ஐந்து நாள் அவர் ஒன்பது டூல்களைத் தீட்டினார். ஒன்பதும் ரிஜெக்ட். ஆறாம் நாள் ஹாஜரா, மைலோ கோப்பையைக் கவிழ்த்து அதன் சொரசொரத்த அடிப்பக்கத்தில் கத்தியை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, கெம்போங் மீனின் தலையை ஒரே வெட்டாக வெட்டினாள்.

"இதுல எதயாச்சும் வெட்டிப் பாத்தீங்களா?"

"மொதல்ல கூரு சரியா இருக்கணும்."

"வெட்டிப் பாக்காம கூரு சரியா இல்லன்னு எப்படித் தெரியும்? நான் பூதக்கண்ணாடி போட்டுக்கிட்டுக் கத்தியப் பாத்துக்கிட்டிருந்தா ஒங்களுக்கு எப்ப சோறு?"

அன்று மத்தியானம், இரண்டு வருடத்தில் முதல் முறையாக, சுல்தான் ஒரு டூலைப் பித்தளையில் வைத்தார். இருபத்தொன்றாம் எண். வெட்டியது! மஞ்சள் துகள்கள் மழைச்சாரல்போல் முகத்தில் தெறித்தன. ஆனால் பித்தளையின் முகப்பைச் சீவி முடித்தபோது சரிநடுவில் பருப்பளவு ஒரு முளை மிஞ்சியது. இன்னொரு டூல் போட்டார். அதே முளை.

காரணம் அவருக்கே புரிந்தது. புரிந்ததும் காது சூடானது. டூலின் கூர் சுழலும் பித்தளையின் நடுமையத்துக்கு நேராக நிற்க வேண்டும். தாழ்ந்து நின்றால் நடுவைத் தொடாது. இரண்டு வருடமாக மேற்பக்கத்தைத் தீட்டித் தீட்டி, நன்றாக இருந்த நாற்பத்தேழையும் அவரே குள்ளமாக்கியிருந்தார். இனி அடியில் மெல்லிய தகடு கொடுத்துத்தான் தூக்க வேண்டும்.

வீட்டில் தகடு தேடினார். பிஸ்கட் டின் மெலிசு. பருப்பு டப்பா மூடியும் மெலிசு. ஹாஜரா ஹால் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். ஃபேக்டரி கொடுத்த நினைவுக் கேடயம். மரத்தில் பதித்த தகட்டில் அவர் பெயரும் முப்பத்தொரு வருடமும் பொறித்திருந்தது.

"இது கனமாத்தான் இருக்கு. நாலு வருசமா நான்தான் தூசி தட்டறேன்."

சுல்தான் மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தார். கச்சிதமாக இருந்தது. தன் பெயரை நறுக்கி டூலுக்கு அடியில் வைத்தார். முளை போயிற்று.

புஷ் நோன்புக்கு முந்தைய நாள் மதியம் தயாரானது. தொட்டால் வழுக்கும், கண்ணாடிபோல் மின்னும். ஹைருல் வாங்கிப்போக வந்து நின்றான். சுல்தான் தானே வரைந்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்தார். வெளிவிட்டம் முப்பத்திரண்டு மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குவரை கூடலாம், குறையலாம். அளவு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு குறைந்தது.

மறுபடி அளந்தார். அப்போதும் அதே அளவு.

"மச்சான், அது கஞ்சி வண்டி. ராக்கெட் இல்ல," என்றான் ஹைருல்.

"படத்துல என்ன போட்டிருக்கு?"

"படம் போட்டது யாரு? நீங்கதானே!"

"அதனாலதான் சொல்றேன்."

ஹாஜரா கதவோரம் வந்து நின்றாள். "ரிஜெக்ட்னு சொன்னா மெஷின் போயிரும். தெரியும்ல?"

"தெரியும்," என்றார் சுல்தான். சுருளிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரைக் கிழித்தார். புஷ்ஷின் முகப்பில் நேராக ஒட்டினார். கோணலாக ஒட்டுவது அவருக்குப் பிடிக்காது. தானே தங்கராஜுவுக்கு ஃபோன் போட்டு வேன் கொண்டுவரச் சொன்னார். பேசி முடித்துத் திரும்பியபோது மேசையில் புஷ் இல்லை, ஹைருலும் இல்லை.

முதல் நோன்பு. அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முன்னால் தூக்குச்சட்டிகளோடு வரிசை நின்றது. வண்டி சமையல் கொட்டகையிலிருந்து கிளம்பியது. போன வருடம் ஆட்டுக்குட்டிபோல் கத்திய சக்கரம் இந்த வருடம் வாயே திறக்கவில்லை. வாசலில் திரும்பியது. அண்டா ஆடவில்லை. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சக்கரத்தின் நடுவில் சிவப்பு ஸ்டிக்கர் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது.

"ஹைருல், ரிஜெக்ட்னு போட்டிருக்கே, கஞ்சியையா?" என்று வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"இல்ல பாய், எங்க மச்சான!"

சுல்தான் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை தங்கராஜு வேனோடு வந்து, ஐந்து மாடி ஏறி மூச்சு வாங்கினார். சுல்தான் மெஷினின் திருகுகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

"வண்டிதான் நல்லா ஓடுதே," என்றாள் ஹாஜரா.

"ஓடும். ஆனா அளவு இல்ல. ரிஜெக்ட் ரிஜெக்ட்தான்."

"முப்பத்தொரு வருசம் சோத்துத் தட்டுக்கு முன்னால ஃபேக்டரி கதைதான கேட்டேன். அளவு கொஞ்சம் தப்புன்னாலும், வாங்குறவன் அப்படியே எடுத்துக்கறேன்னு கையெழுத்துப் போட்டா என்ன பண்ணுவீங்க?"

சுல்தானின் ஸ்பேனர் நின்றது. "வேவர் ஃபாரம்."

"அந்த ஃபாரம் நம்ம வீட்டுல இருக்கா, இல்லையா?"

இருந்தது. எல்லாப் படிவமும் இருந்தது. ஹைருலை வரவழைத்தார்கள். வாங்குபவர் என்ற இடத்தில் அவன் கையெழுத்துப் போட்டான். காரணம் என்ற இடத்தில், "கஞ்சி கொட்டல" என்று எழுதினான். சுல்தான் அதை இரண்டு முறை படித்து, தேதி விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டி, அதையும் எழுத வைத்து, கோப்பில் வைத்தார். பிறகு திருகுகளைத் திரும்ப முடுக்கினார்.

"அப்ப நான் எதுக்குங்க கடல் பாலம் தாண்டி வந்தேன்?" என்றார் தங்கராஜு.

ஹாஜரா கார்பைடு டூல் பெட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். பால்கனியின் மற்ற பாதியில் அன்றே துணிக்கொடி கட்டினாள்.

கஞ்சி வண்டிக்கு நாலு சக்கரம். இரண்டாவதை, புஷ் மாற்ற, வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு கழற்றுகிறார்கள்.