சாராய அறையின் திறப்பு

நான் குடியை விட்டு ஒன்பது வருடமாகிறது. இதைக் கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும், "அப்ப பிரச்சினை முடிஞ்சுது" என்று தலையாட்டுவார்கள். எனக்கு எரிச்சல் வருவது அந்த இடத்தில்தான். எங்கே முடிந்தது? இன்றைக்கும் பின்னேரம் வயலால் வந்து குளித்துவிட்டு, கொப்பியை விரித்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதவேண்டும். இன்று எதில் கோபப்பட்டேன்? யாருக்கு எதை மறைத்தேன்? எந்த விசயத்தில் என்னையே ஏமாற்றினேன்? வவுனியாவில் என்னைப் பார்த்த ஆற்றுப்படுத்துநர் சொல்லித் தந்தது.

"எவ்வளவு காலத்துக்கு எழுதவேணும் மிஸ்?" என்று தொடக்கத்திலேயே கேட்டேன்.

"எவ்வளவு காலத்துக்குக் குளிக்கவேணும் எண்டு ஆரிட்டயும் கேட்டனீங்களோ?" என்றார்.

இந்தக் காலபோக நெல் விதைப்போடு எழுத்துப் பிசகிவிட்டது. பூவரசங்குளத்தில் எங்கள் வயலுக்குள் யானை இரண்டு தரம் இறங்கியது. காவல், வேலி, அலைச்சல் என்று, குடியை விட்டவர்களின் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு வவுனியா போவதை மூன்று மாதம் விட்டுவிட்டேன். கொப்பியில் மூன்று கேள்விக்கும் "ஒன்றுமில்லை" என்றே எழுதினேன். ஒரு நாள் அலுப்பில், அடுத்த நாளுக்கான "ஒன்றுமில்லை"யையும் சேர்த்து எழுதி வைத்தேன். அதை எழுதும்போது எனக்குச் சிரிப்புக்கூட வரவில்லை.

அந்த நிலையில்தான் பூநகரிக்குக் கலியாணத்துக்குப் போனோம். மனைவியின் தம்பியின் மூத்த மகளுக்குக் கலியாணம். தாலி கட்டி முடிந்து, கோயிலால் எல்லோரும் வீட்டுக்கு வந்து பந்தி தொடங்கிய நேரம், மச்சான் என்னை ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய் பின்னறைப் பூட்டின் திறப்பைக் கையில் வைத்தார்.

"அத்தான், பின்னறையில சாமான் கிடக்கு. ஆரிட்டக் குடுத்தாலும் அரைவாசிய அவங்களே முடிச்சுப்போடுவாங்கள். நீங்கள் எண்டால் எனக்குப் பயமில்லை."

சாமான் என்றால் சாராயம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஒரு காலத்தில் இதே மனிதர் என்னைத் தன் படலைக்குள் விடமாட்டேன் என்று நின்றவர். "ஓம், நான் பாக்கிறன்" என்று திறப்பை வாங்கி மடியில் செருகினேன். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

முதல் தரம் திறந்து, கேட்டவர்களுக்கு இரண்டு போத்தல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பூட்டினேன். இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரம் யாரும் கேட்கவில்லை. பெட்டிகள் சரிந்து கிடக்கின்றன, அடுக்கி வைப்போம் என்று நானாகத்தான் போனேன். அடுக்கினேன். பிறகு நிறைந்த போத்தல்களை ஒரு பக்கம், உடைத்துக் குறையாக வைத்ததை மறுபக்கம் என்று பிரித்தேன். குறைப் போத்தலின் மூடி இறுக்கமா என்று பார்க்கக் கையில் எடுத்தேன். வெளியே யாரோ பாயசம் கேட்டுச் சத்தம் போட்டபோதுதான் உணர்ந்தேன். கதவை உள்ளுக்குள் சாத்தியிருக்கிறேன். எப்போது சாத்தினேன் என்று நினைவில்லை.

போத்தலை வைத்துவிட்டு வெளியே வந்து, கிணற்றடியில் நின்று சனிக்கிழமைக் கூட்டத்துக் கூட்டாளிக்குப் போன் எடுத்தேன். அவர் மேசன் வேலை செய்கிறவர். மலையகத்திலிருந்து வந்து வவுனியாவில் குடியேறிய குடும்பம். குடியை விட்டு நாலு வருடம்தான். கூட்டத்தில் நான்தான் அவருக்குப் புத்தி சொல்கிறவன். நடந்ததைச் சொன்னேன்.

"தொறப்ப எதுக்குண்ணே வாங்குனீங்க?"

"மச்சான் நம்பித் தந்தவர். மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"அது அவரு கதை. வாங்குறப்ப உங்களுக்கு எப்பிடி இருந்துச்சு?"

"சந்தோசமா இருந்தது."

"எதுக்குச் சந்தோசம்?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாலு வருடக்காரன் ஒன்பது வருடக்காரனைக் கேட்கிற கேள்வியா இது? மரியாதை கிடைத்த சந்தோசம் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. போத்தலுக்குக் கிட்டப் போக ஒரு நல்ல காரணம் கிடைத்த சந்தோசம் அது. திறப்பு கையில் பட்ட அந்த நிமிசமே எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் மடியில் செருகினேன். அதற்கும் முன்னமே, "ஒன்றுமில்லை" என்று எழுதிய நாட்களிலேயே இது தொடங்கிவிட்டது.

"அங்க நிக்காதீங்கண்ணே. பஸ்ஸ புடிங்க" என்றார்.

திறப்பை மச்சானிடம் நீட்டினேன். "என்னால ஏலாது. நான் வெளிக்கிடுறன்."

"என்ன அத்தான் இது? மாப்பிள்ளை வீட்டுச் சனம் எல்லாம் நிக்குது. ஒரு திறப்பை வச்சிருக்க ஏலாதோ?" அவர் சத்தமாகவே கேட்டார். கதிரைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மனைவி ஓடி வந்து, என் கையைப் பிடித்துப் பந்தலுக்குப் பின்னால் இழுத்தாள். முகத்துக்கு மிகக் கிட்டே வந்து மூச்சை இழுத்தாள். "குடிச்சுப்போட்டீங்களோ?"

ஒன்பது வருடம். குடிக்காமல் தப்பி வந்த நாளில் இந்தக் கேள்வி. "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு றோட்டுக்கு நடந்தேன். பூநகரியில் பஸ் நினைத்த நேரத்துக்கு வராது. வெயிலுக்குள் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நின்றேன். மச்சானை, மேசனை, மனைவியை, அந்த மூன்று கேள்விகளை எல்லாம் மனதுக்குள் திட்டித் தீர்த்தேன். கொஞ்சமும் ஆறவில்லை.

மனைவி அடுத்த நாள்தான் வந்தாள். நடந்ததை அவளுக்கு முழுதாகச் சொன்னேன், சாத்திய கதவையும் விடாமல்.

"நான் இப்பவும் உங்கட வாயை மணந்து பாக்கிறனான். ஒவ்வொரு நாளும். உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"அந்தப் பழக்கத்தைக் கைவிட எனக்கு ஏலாமக் கிடக்கு" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை கூட்டத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். புதிதாக வந்த ஒருவர், "ஒம்பது வருசத்துக்குப் பிறகும் இப்பிடியெண்டால் நாங்கள் என்னத்துக்கு வாறது?" என்று கேட்டார். எனக்கும் அதே கேள்விதான் என்றேன். மச்சான் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. கொப்பியில் இப்போது பதில்கள் நீளமாக வருகின்றன. எழுதுவதில் எனக்கு ஒரு விருப்பமும் இல்லை. எழுதுகிறேன்.